வெள்ளரிப்பழத்துக்குக் கீழே

கல்லடி உப்போடையில் இந்த அறைக்கு
வடக்குப் பக்கம் ஒரே ஒரு யன்னல்.
வாவி வெளிச்சத்தை இரண்டு தரம் அனுப்பும்,
வானத்திலிருந்து ஒரு தரம்
தண்ணீரிலிருந்து ஒரு தரம்.
நான் பார்த்துப் படித்த பழைய ஓவியர்களிடம்
ஒற்றை வெளிச்சம்தான் இருந்தது.
யன்னலின் கீழ்ப்பாதியில்
ஒரு சாக்கைத் தொங்கவிட்டேன்.

நேசமலர் இறால் நிறுத்துப்போட்டு வருவாள்,
பத்து மணிக்கு, கையில் ஐஸின் குளிர் போகாமல்.
மணித்தியாலத்துக்கு ஆயிரம் ரூபாய்.
"சும்மா இருக்கிறதுக்கா?"
முதல் நாள் சிரித்தாள்.
இரண்டாம் நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு
"சும்மா இருக்கிறதுக்கு இது காணாது" என்றாள்.
ஆயிரத்து இருநூறு ஆக்கினோம்.

கன்வஸ் முழுக்க முதலில் கருகிய மண்ணிறம்.
அதைத் துணியால் துடைத்துத் துடைத்து
நெற்றியை, மூக்குத்தண்டை, கழுத்தெலும்பை
வெளியே எடுத்தேன்,
இருட்டுக்குள் முன்னமே உட்கார்ந்திருந்த ஒருத்தியை
எழும்பச் சொல்வதைப்போல.

மேசையில், மரபுப்படி,
அணைந்த விளக்கு, ஒரு தட்டு இல்லாத தராசு,
மூடி திறந்த மணிக்கூடு,
கொழும்பில் மருத்துவ மாணவர் கடையொன்றில் வாங்கிய
பிளாஸ்டிக் மண்டையோடு.
நானூறு வருசத்துக்கு முந்திய குளிர்நாட்டு மேசைகளில்
மண்டையோட்டுக்கு ஒரே அர்த்தம்:
நீயும் போவாய்.
வெள்ளித் தட்டும் தோலுரித்த எலுமிச்சையும் வைத்திருந்தவர்களுக்கு
யாராவது அதை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அந்தக் குளிர்நாட்டார் கைப்பட்ட கோட்டைதான்
புளியந்தீவில் நிற்கிறது.
அதற்குள் கன காலம் கச்சேரி.
எந்த யன்னலில் எந்தப் படிவம்,
எந்த லிகிதர் மத்தியானத்துக்குப் பிறகு இருக்கமாட்டார்,
நேசமலருக்கு எல்லாம் பாடம்.

மண்டையோட்டைப் பார்த்து அவள் எழும்பிப் போகவில்லை.
நான் போர்த்திவிட்டிருந்த பச்சை வெல்வெட்டைக் கழற்றி
அதன் மேல் போட்டாள்.
"விளக்கைப் பிடிக்கச் சொல்லு புள்ள, பிடிக்கிறன்.
தராசு எனக்குப் பழக்கம்.
இது வேணாம்."
பிறகு, நான் கேட்காமலே:
"ஒருக்கா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவங்க.
பல்லப் பாத்துச் சொல்லு எண்டாங்க.
என்னெண்டு கா சொல்ற?
அவரு சிரிக்கிற நேரம் வாயப் பொத்துவாரு."

அன்றைக்கு வேலை நடக்கவில்லை.
தேத்தண்ணி குடித்தோம். காசு கொடுத்தேன், வாங்கினாள்.

அதை நான் முன்னமே வரைந்திருந்தேன்,
அவள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை.
கண்குழிக்குள் கொஞ்சம் நீலம் கலந்து,
என் கை இதுவரை செய்த ஆகத் திறமான ஏழு அங்குலம்.
அதன் மேல் ஒரு வெள்ளரிப்பழம் வரைந்தேன்.
செங்கலடிச் சந்தியில் பருவம் தப்பிக் கிடைத்தது,
தானாகப் பழுத்துத் தானாக வெடித்தது.
வெடிப்பை எங்கெங்கோ வைத்துப் பார்த்தேன்.
மண்டையின் பொருத்து ஓடிய கோட்டிலேயே
வந்து நின்றது.

கார்த்திகை. மழை விடவில்லை.
ஆளிவிதை எண்ணெய் காயமாட்டேன் என்றது.
கன்வஸின் முதுகில் பூஞ்சணம்.
விசிறியைத் திருப்பி வைத்தால் கரண்ட் போகும்.
உண்மைப் பழம் அழுகி
எறும்புக்குப் போய் மூன்று கிழமை,
வரைந்த பழம் இன்னும் ஈரம்.

வந்து பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.
தராசைப் பார்த்தாள்.
"ஒரு தட்டு இல்லாட்டி முள்ளு
இந்தப் பக்கமா நிக்கும்? பிழை."
அப்புறம் பழத்துக்குக் கிட்டக் குனிந்து
"அது?" என்றாள்.
"இல்லை" என்றேன்.
நம்பிக்கையில்லாமல் சுட்டுவிரலை
பழத்தின் கீழ்ப்பக்கம் வைத்து அழுத்தினாள்.
மஞ்சளில் ரேகை விழுந்தது.
டர்பன்டைனில் விரலைத் துடைத்துவிட்டேன்.
முள்ளைத் திருத்தினேன்,
ரேகையைத் திருத்தவில்லை.

எண்ணெய்ச் சாயத்துக்கு ஒரு குணம்,
அவளுக்குச் சொல்லவில்லை:
வயது போகப் போக அது கண்ணாடியாகும்.
மேலே பூசியது மெலியும்,
கீழே கிடப்பது ஏறி வரும்.
நூறு வருசம், நூற்றைம்பது வருசம்,
நமக்குத் தெரியாத யாருடையவோ சுவரில்
ஒரு வெள்ளரிப்பழம்
மெல்ல மெல்லப் பல் காட்டத் தொடங்கும்.

அந்த நேரமும் அவள் விரல்
அந்த இடத்தில்தான் இருக்கும்,
வாய்க்கு மேலே.